பூட்டிக் கிடக்கும் தாத்தா வீடு: இடிக்கலாமா, எடுத்து நிறுத்தலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா. 2007ல் பெயர் மாறுவதற்கு முன்னால் பத்தாங் பெர்ஜுந்தை, வயசானவர்கள் வாயில் இன்னமும் அதுதான். சுற்றிலும் தோட்டங்கள். இந்த நாட்டில் வியாபாரத்துக்கென்று முதன்முதலில், 1917ல், செம்பனை (பாமாயில் எடுக்கிற மரம்) நட்ட தென்னமரம் தோட்டம் இங்கே பக்கத்தில்தான் இருக்கிறது. ரப்பர் பால் வெட்டிய என் தாத்தா டவுனில் ஒரு துண்டு மனை வாங்கிக் கட்டிய பாதிக் கல் பாதிப் பலகை வீடு பதினோரு வருஷம் பூட்டிக் கிடந்தது. தச்சு வேலை தெரிந்த என் தம்பியும் நானும் சனி ஞாயிறுகளில் உழைத்து மூன்று வருஷத்தில் அதை மறுபடி ஆள் குடியிருக்கிற வீடாக்கினோம். அதிலிருந்து கோயில் திருவிழாவுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எங்க தாத்தா வீடும் அப்படித்தான் கிடக்குது அக்கா" என்று ஆரம்பிக்கிறார்கள். கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

வெளியே நின்று பார்த்தாலே காடாக இருக்கிறது. தேறுமா தேறாதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பயமுறுத்துகிற சாமான்களை முதலில் கண்ணிலிருந்து ஒதுக்குங்கள். சுவரில் ஏறிய கொடி, உரிந்த சாயம், கருப்புப் பூஞ்சை, உடைந்த நாக்கோ (சன்னலில் பட்டை பட்டையாகத் திறந்து மூடுகிற) கண்ணாடி, வௌவால் எச்சம், மூலையில் மூட்டை மூட்டையாகப் பழைய துணி, இதெல்லாம் ஒரு லோரியும் இரண்டு வாரமும் இருந்தால் போய்விடும். ஆனால் வீடு பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான் திரும்பிப் போகிறார்கள்.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று கூரை முகட்டைப் பாருங்கள். கயிறு கட்டி இழுத்தது போல நேராக இருந்தால் நல்ல சேதி. நடுவில் தொய்ந்திருந்தால் கைமரமோ அதைத் தாங்குகிற தூணோ எங்கோ விட்டுக்கொடுத்திருக்கிறது. அப்புறம் தூண்களின் அடிப்பாகம், தரையிலிருந்து ஒரு முழம் வரைக்கும், ஒவ்வொன்றாகக் குனிந்து பாருங்கள், பலகை வீட்டுக்கு நோய் அங்கேதான் பிடிக்கும். பிறகு வீட்டைச் சுற்றி நடந்து மழைத் தண்ணீர் வெளியே ஓடுகிறதா, வீட்டுக்கு அடியில் போய்த் தேங்குகிறதா என்று பாருங்கள்.

உச்சி வெயிலில் ஒரு தடவை, நல்ல மழையில் ஒரு தடவை, இரண்டு தடவை கட்டாயம் போங்கள். வெயிலில் கதவு சன்னலைச் சாத்திவிட்டு மேலே பார்த்தால் ஓட்டை எல்லாம் வெளிச்சப் பொட்டாகத் தெரியும், சீலிங் இருந்தால் ஏணி போட்டு அதற்கு மேலே தலையை நீட்டிப் பார்க்க வேண்டும். மழை நாளில் நாங்கள் சாக்கட்டியோடு போய், சொட்டுகிற இடத்தில் எல்லாம் தரையில் வட்டம் போட்டோம். ஏழு வட்டம். பதினோரு வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டில் ஏழே ஏழு இடம், அதிலும் ஐந்து வெறுமனே ஓடு நகர்ந்ததால் வந்தவை. அன்றைக்குத்தான் எனக்கு இந்த வீட்டின் மேல் நம்பிக்கை வந்தது.

கரையான் பிடித்திருக்கிறது. கைவிட வேண்டியதுதானே?

எதைப் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் தூணும் உத்தரமும் ஒரு மரமாக இருக்கும், சுவர்ப் பலகை வேறு மரமாக இருக்கும். தூணுக்குச் செங்கால் போட்டிருந்தால் (சுவர் கட்டுகிற செங்கல்லைச் சொல்லவில்லை, இந்நாட்டுக் காட்டு மரத்தின் பெயர்) அதைக் கரையான் அவ்வளவு சுலபத்தில் தொடாது. சுவருக்குப் போடுகிற மெராந்தி இலேசானது, ஈரம் பட்டால் கரையானுக்கு அது சாப்பாடு. எங்கள் வீட்டில் சமையலறைப் பக்கத்துச் சுவர்ப் பலகை கை வைத்ததும் மாவாகக் கொட்டியது, அம்மா அழுதேவிட்டார். ஆனால் அதே சுவரைத் தாங்கிய தூணில் ஆணி இறங்கவில்லை, துளை போட்டுத்தான் இறக்க வேண்டியிருந்தது. பலகையை மாற்றலாம், அது இரண்டு நாள் வேலை.

சோதிப்பதற்கு ஒரு திருப்புளி போதும். தூணின் அடியில், சன்னல் சட்டத்தின் கீழ்க்கட்டையில், கூரைக் கட்டை சுவரில் உட்காருகிற இடத்தில் குத்திப் பாருங்கள். முனை மட்டும் பதிந்து நின்றால் மரம் திடமாக இருக்கிறது. வெண்ணெயில் போவது போல இறங்கினால் அந்த இடம் போய்விட்டது. தட்டும்போது பொள்ளலாகச் சத்தம் வந்தாலும் சந்தேகப்படுங்கள். சுவரிலோ தூணிலோ பென்சில் தடிமனுக்கு மண்ணால் கோடு போட்டது போல ஏறியிருந்தால் கரையான் நிலத்துக்கடியிலிருந்து வருகிறது என்று அர்த்தம். கோட்டை மட்டும் உடைத்துவிட்டு மேலே மருந்தடித்தால் மூன்றே மாதத்தில் வேறு வழியாக வரும். மண்ணுக்கு மருந்து போடுவதோ, கூட்டையே அழிக்கிற மாதிரி இரை வைப்பதோ, இரண்டில் ஒன்று செய்ய வேண்டும். அது பழக்கப்பட்டவர்கள் செய்கிற வேலை.

நம் ஊர்களில் பலரும் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. பல மனைகள் ஒரு காலத்தில் கித்தாக் காடாக, அதாவது ரப்பர் தோட்டமாக, இருந்தவை, ரப்பர் மரத்தைத் தின்கிற கரையான் இனமே தனியாக இருக்கிறது. கொல்லைப்புறத்தில் பழைய ரப்பர் கட்டையோ வேரோ புதைந்து கிடந்தால் தோண்டி எடுத்துவிடுங்கள், விறகுக் கட்டையைச் சுவரில் சாய்த்து அடுக்காதீர்கள்.

தூணின் அடி மட்டும் கெட்டிருந்தாலும் முழுத் தூணையும் மாற்ற வேண்டியதில்லை. வீட்டை ஜாக்கியில் கொஞ்சம் தூக்கி, கெட்ட பாகத்தை அறுத்துவிட்டு, அதற்குக் கீழே காங்கிரீட் கட்டை வைக்கலாம். கைப்பழக்கம் உள்ளவர் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

வீடு தாத்தா பெயரில்தான் இருக்கிறது, அவர் இறந்து இருபது வருஷம் ஆகிறது. வேலையைத் தொடங்கலாமா?

தொடங்காதீர்கள். ஒரு ஆணி கூட அடிக்காதீர்கள். மற்ற எதைவிடவும் இந்தக் கேள்வியில்தான் நம் குடும்பங்கள் உடைவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி அந்த மனையின் பதிவைத் தேடி எடுங்கள். கிராண்டில் (நில உரிமைப் பத்திரத்தில்) யார் பெயர், நிரந்தர உரிமையா குத்தகை நிலமா, குத்தகை என்றால் எத்தனை வருஷம் பாக்கி, நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை, மாற்றுவதற்குத் தடை ஏதும் உண்டா, மலாய்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய நிலமா, எல்லாம் அதில் வந்துவிடும். வெளியாரிடம் வாங்குகிறவர்களுக்கும் இதேதான். அந்தத் தாள் கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

தாத்தா உயில் எழுதாமல் போயிருந்தால், முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டம் பொருந்தும். இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லை, மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. இந்தச் சட்டம் 1997ல் திருத்தப்பட்டது, அதற்கு முன்னால் இறந்தவர்களுக்குக் கணக்கு வேறு. "நான்தான் மூத்தவன், நான்தான் கடைசிவரை பார்த்துக்கொண்டேன்" என்பதெல்லாம் சட்டத்தின் முன் எடுபடாது. கல்யாணம் ஆகி ஜொகூருக்குப் போய் முப்பது வருஷமாக வராத அத்தைக்கும் பங்கு உண்டு, அவர் இறந்திருந்தால் அந்தப் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும்.

நிலமும் வீடும் மட்டுமே சொத்து என்கிற சாதாரணக் குடும்பங்களுக்கு 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டத்தின் கீழ் நில அலுவலகத்திலேயே மனுப் போடலாம், உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. மனுப் போட்டதும் வாரிசுகளை எல்லாம் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். யாராவது தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக இருந்தால் அங்கேயே அதிகாரி முன்னால் சொல்லலாம். எங்கள் வீட்டில் ஐந்து வாரிசு, ஒருவர் சிங்கப்பூரில். எல்லோரையும் ஒரே நாளில் ஒரே அறையில் உட்கார வைக்க ஒன்பது மாதம் ஆனது. கூரையை மாற்றியதைவிட அது கஷ்டமான வேலை. ஆனாலும் அதை முதலில் முடித்ததால்தான் இன்றைக்கு எல்லோரும் தீபாவளிக்கு அந்த வீட்டுக்கே வருகிறார்கள்.

நிலவரி பாக்கியையும் பாருங்கள். கட்டாமலே விட்டால் மூன்று மாதம் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் வரும், அதற்கும் அசையாவிட்டால் நிலத்தை மாநில அரசே எடுத்துக்கொள்ள முடியும். நோட்டீஸ் தாத்தா பெயருக்குப் போய், பூட்டின வீட்டு வாசலில் கிடக்கும்.

எங்களிடம் கிராண்ட் இல்லை, வருஷா வருஷம் புதுப்பிக்கிற தற்காலிக உரிமம்தான் இருக்கிறது.

அது அந்தந்த வருஷத்துக்கு மட்டும்தான் செல்லும், உரிமம் வைத்திருப்பவர் இறந்தால் அதோடு முடிந்துவிடும், இன்னொருவருக்கு விற்கவோ எழுதிக் கொடுக்கவோ முடியாது. யாராவது அப்படிப்பட்ட வீட்டை உங்களுக்கு "விற்றால்" நீங்கள் வாங்குவது பலகையும் ஓடும் மட்டும்தான். கிராண்டுக்கு மனுப் போட்டுப் பாருங்கள், கிடைக்கிற வரைக்கும் பெரிய செலவு வேண்டாம்.

தோட்டத்து லயத்தில் நாங்கள் பிறந்த வீட்டை எடுத்துச் செப்பனிடலாமா?

நிறையப் பேர் கண்கலங்கித்தான் இதைக் கேட்கிறார்கள். லயமும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) கிராணி என்ற குமாஸ்தாவின் வீடும் துரை பங்களாவும் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம், வேலை போனால் வீடும் போகும், அப்படித்தான் நம்மை வைத்திருந்தார்கள். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது ஒரே நாளில் வேலையும் வீடும் சேர்ந்து போனவர்கள் எத்தனையோ பேர். என் தாத்தா டவுனில் மனை வாங்கியதற்குக் காரணமே அந்தப் பயம்தான். கூட்டுக் கட்டி (சீட்டுப் போட்டு), பாட்டியின் தாலிக்கொடியைத் தவிர இருந்த நகையை எல்லாம் அடகு வைத்து, "யாரும் வெளியே போன்னு சொல்ல முடியாத ஒரு இடம்" என்று வாங்கினார். டவுனில் இடிந்து கிடக்கிற பழைய வீடுகளை நான் விடாமல் பேசுவதற்கு இதுதான் காரணம், அதில் பல வீடுகள் இப்படி வந்தவை.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் சுலபம் இல்லையா? எங்கள் கொந்திராக்டர் அப்படித்தான் சொல்கிறார்.

எங்களிடமும் முதலில் வந்தவர் அப்படித்தான் சொன்னார், வாசலில் நின்றபடியே, உள்ளே வராமல். இடிக்கிறவருக்குப் பழைய வீட்டில் வேலை தெரிய வேண்டியதில்லை, அதனால் அவருக்கு அது சுலபம்.

மதியம் இரண்டு மணிக்குப் பழைய வீட்டின் கூடத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள், பிறகு ஊர் எல்லையில் புதிதாகக் கட்டிய வரிசை வீட்டில் மின்விசிறியைப் போடாமல் உட்கார்ந்து பாருங்கள். உயரமான கூரை, சன்னலுக்கு மேலே மரச்சட்டத்தில் விட்ட காற்றுத் துளை, வெயில் சுவரில் விழாமல் நீண்டு இறங்குகிற தாழ்வாரம், எதிரும் புதிருமாகச் சன்னல். காங்கிரீட் பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க வெளியே விடும். பலகைச் சுவர் பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். அந்த உயரத்துக்கும் அகலத்துக்கும் இன்றைக்குக் கட்ட வேண்டுமென்றால் மரத்தின் விலையைக் கேட்டாலே போதும். செங்கால் தூண் ஒன்றின் விலையைத் தம்பி விசாரித்துவிட்டு வந்து எங்கள் தூண்களைத் தடவிக் கொடுத்தான்.

இடிக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். தூண்கள் பாதிக்கு மேல் போய்விட்டன, தரை இறங்கிச் சுவர் மேலிருந்து கீழ் வரைக்கும் விரல் நுழைகிற மாதிரி வெடித்திருக்கிறது, ஆற்றுத் தண்ணீர் வருஷா வருஷம் இடுப்பளவு ஏறுகிறது என்றால் விடுங்கள், மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். அப்போதும் ஓடு, கதவு, சன்னல், நல்ல மரம் எல்லாவற்றையும் கழற்றி எடுத்த பிறகே இயந்திரத்தைக் கூப்பிடுங்கள்.

எந்த வேலையை முதலில் செய்வது?

கூரை. அப்புறம் வீட்டைச் சுற்றிக் கால்வாய். இரண்டும் முடிந்து ஒரு மழைக்காலம் பார்த்த பிறகு மற்றது. சாயம் எல்லாவற்றுக்கும் கடைசி. நாங்கள் அவசரப்பட்டு முதல் தீபாவளிக்கே முன்கூடத்துக்குச் சாயம் அடித்தோம், அடுத்த வருஷம் முழுக்க உரிந்தது, அந்தப் பணத்தில் சமையலறைக் கூரையையே முடித்திருக்கலாம்.

சுவரை உடைப்பது, கூடத்தை நீட்டுவது, கூரையின் வடிவத்தை மாற்றுவது போன்ற வேலைகளுக்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும், 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் இருக்கிறது. பூட்டிக் கிடக்கும் காலத்தில் கூரைத் தகரத்திலும் தொட்டியிலும் தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிட்டால் உரிமையாளருக்கு 500 வெள்ளி (ரிங்கிட்) அபராதம் வரலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டிங்கி வந்தால் அந்தப் பாவம் வேறு. முதல் நாளே அதைக் கவிழ்த்துக் கொட்டுங்கள்.

கல் சுவர் அடியில் எப்போதும் ஈரமாக இருக்கிறது. சிமெண்டு பூசிவிடலாமா?

வேண்டாம். பழைய கல் சுவர்கள் பல சுண்ணாம்புக் கலவையில் கட்டியவை, அவை மண்ணிலிருந்து ஏறுகிற ஈரத்தை மெதுவாக வெளியே விட்டுக்கொண்டிருக்கும். மேலே இறுக்கமாகச் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு இன்னும் மேலே ஏறும். முதலில் வெளியே போய்ப் பாருங்கள்: வருஷக் கணக்கில் இலையும் மண்ணும் சேர்ந்து வெளித்தரை வீட்டுத் தரையைவிட மேலே வந்திருக்கும். அதை வெட்டி இறக்கி, கால்வாய் எடுத்து, கூரைத் தண்ணீரைத் தள்ளி விழ வைத்தால் பாதி ஈரம் போய்விடும். மீதி காய மாதங்கள் ஆகும், பொறுத்திருங்கள். பிறகு சுண்ணாம்பிலேயே பூசுங்கள்.

சீலிங்கும் பின்கூரையும் சாம்பல் நிறத்தில் அட்டை மாதிரி இருக்கிறது. நாமே உடைத்து எடுக்கலாமா?

ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், பழைய வீடுகளில் நிறைய உண்டு. உடையாமல் சும்மா இருக்கும்போது ஆபத்து குறைவு. அறுத்தாலும் உடைத்தாலும் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறந்து நுரையீரலில் தங்கிவிடும், புற்றுநோயாக அது வெளியே தெரிய இருபது முப்பது வருஷம் கூட ஆகலாம். அதனால் சுத்தியலோடு பிள்ளைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள். பரிசோதித்து, தெரிந்தவர்களை வைத்து நனைத்து, முழுத் தகடாகக் கழற்றிக் கட்டி எடுக்க வேண்டும்.

ஒயரிங்?

முழுக்கப் புதிதாகப் போடுங்கள், பதிவு பெற்ற மின்பணியாளரை வைத்து. இதில் மட்டும் பழசைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், பலகை வீட்டில் தீ பிடித்தால் நிற்க நேரம் இருக்காது.

வெள்ளம் வருமா என்று எப்படித் தெரியும்?

சிலாங்கூர் ஆறு பக்கத்திலேயே ஓடுகிற ஊர், கேட்க வேண்டிய கேள்விதான். விற்கிறவரைக் கேட்காதீர்கள், எதிரே மளிகைக் கடை வைத்திருப்பவரைக் கேளுங்கள், 2021 டிசம்பரில் தண்ணீர் எதுவரைக்கும் வந்தது என்று கையால் காட்டச் சொல்லுங்கள். உள்ளே கதவுக்குப் பின்னால், அலமாரி நின்ற இடத்தில், சுவரில் பழுப்பாக ஒரு நேர்கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். சாயம் அடித்தவர்கள் அந்த இடங்களைத்தான் விட்டிருப்பார்கள்.

பணத்துக்கு என்ன வழி?

பலகை வீட்டுக்கு வங்கிக் கடன் வாங்குவது சிரமம், நம்பி இருக்காதீர்கள். ஊழியர் சேமநிதியிலிருந்து வீடு வாங்கவோ கட்டவோ எடுக்கலாம், பழுது பார்ப்பதற்கென்று தனி வழி கிடையாது. எங்களுக்கு உதவியது மெதுவாகச் செய்ததுதான். ஒரு வருஷம் கூரை, ஒரு வருஷம் தரையும் சுவரும், ஒரு வருஷம் தண்ணீரும் மின்சாரமும். ஒவ்வொரு வேலையிலும் எதிர்பாராத ஒன்று வரும், அதற்குக் கையில் தனியாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

எதை எல்லாம் தூக்கிப் போடக்கூடாது?

மரச் சன்னலைக் கழற்றி அலுமினியம் போடாதீர்கள், கீல் மாற்றி எண்ணெய் விட்டால் இன்னும் ஐம்பது வருஷம் ஓடும். ஓட்டைத் தூக்கிவிட்டுத் தகரம் போடாதீர்கள், மழைச் சத்தத்தில் பேசக்கூட முடியாது. சிவப்புச் சிமெண்டுத் தரைமேல் மார்பிள் மாதிரி மின்னுகிற ஓடு ஒட்டாதீர்கள். எங்கள் கூடத்தில் மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் விரிப்பைக் கிழித்தபோது அடியில் அந்தச் சிவப்பு அப்படியே இருந்தது, தேங்காய் எண்ணெயும் துணியும் வைத்து அம்மா நாலு நாள் தேய்த்தார், முகம் தெரிந்தது. சாமி மேடை இருந்த மூலையில் விளக்குப் புகை படிந்த கருப்பைத் தம்பி சுரண்டப் போனான், அம்மா தடுத்துவிட்டார். அது இன்னும் இருக்கிறது.

பிள்ளைகள் எல்லாம் கோலாலம்பூரில். செய்து முடித்தாலும் யார் இருக்கப்போகிறார்கள்?

எங்கள் வீட்டில் இப்போது பின்பக்க இரண்டு அறையில் சிலாங்கூர் பல்கலைக்கழகத்து மாணவிகள் நாலு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள், முன்பக்கம் அம்மா. அவருக்குத் துணை, அவர்களுக்குச் சோறு. எல்லா ஊரிலும் பல்கலைக்கழகம் இருக்காது, ஆனால் எல்லாத் தோட்டத்து ஊரிலும் ஆசிரியர்களும் நர்ஸ்களும் வாடகை வீடு தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆள் இருந்தால் வீடு நிற்கும். பூட்டினால் அதற்கும் வயசாகிவிடும்.

எங்கள் வீட்டையும் வந்து பார்க்க முடியுமா, அக்கா?

வருகிறோம், ஞாயிற்றுக்கிழமை காலையில் என்றால் தம்பியும் வருவான். திருப்புளி, டார்ச்லைட், சாக்கட்டி நாங்கள் கொண்டுவருவோம். நீங்கள் அந்த வீட்டில் வாழ்ந்த வயசான யாராவது ஒருவரை, நடக்க முடியாவிட்டாலும் நாற்காலியில் உட்கார வைத்தாவது கூட்டிக்கொண்டு வாருங்கள். எங்கள் வீட்டைச் சுத்தம் செய்ய ஆரம்பித்து நாலு மாதம் கழித்துத்தான் பெரிய பாட்டி வந்தார், பின்வாசலில் நின்று வாழைக் குத்தைப் பார்த்தார், "கிணறு எங்கடா?" என்றார். எங்கள் யாருக்கும் கிணறு இருந்ததே தெரியாது. வாழையை வெட்டி, தகரத்தைத் தூக்கினால், பத்தடிக்குக் கீழே தண்ணீர், தெளிவாக, மேலே வானம் தெரிந்தது.